உள்ளே இருப்பது எந்த வகை

நூலகத்தின் பழைய பட்டியல் அட்டைக்குத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் போதும். புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டியதே இல்லை. புதிய கம்ப்யூட்டர் பட்டியல் முறைக்கோ எல்லாம் தெரிந்தாக வேண்டும். உள்ளே இருப்பது எழுத்தா, படமா, வரைபடமா, இசைக்குறிப்பா என்று ஒவ்வொரு நூலுக்கும் கேட்டது. அதற்காகத்தான் நூலக உதவியாளர் பல்கீஸ் ஒரு பச்சைப் புத்தகத்தைத் திறந்தாள். முதல் பக்கத்துக்குப் பிறகு அத்தனையும் வெற்றுத்தாள். ஆனால் கடைசியில் ஒட்டியிருந்த, இரவல் தேதி குத்தும் தவணைச் சீட்டில் இன்னொரு முத்திரை குத்த இடமில்லை. "உள்ளே என்ன வகைங்கற கட்டத்தை நிரப்பலைன்னா கம்ப்யூட்டர் ஏத்துக்காதும்மா. கழிச்சுக் கட்டிடுங்க" என்றார் நூலகர் சற்குணம்.

அவள் அதைக் கழிவுப் பெட்டியில் போடப்போன நேரம், தோளில் டிக்கெட் பையோடு ஒரு கண்டக்டர் மேசையருகே வந்தார். "அதைத்தான் மேடம் தேடிட்டிருந்தேன். பாதியில விட்டுட்டேன்." வாங்கியவர் நின்றபடியே தாள்களைத் தள்ளி, நடுவில் ஓரிடத்தில் நிறுத்திப் படிக்கத் தொடங்கினார். கண்கள் வரிவரியாக இறங்கின. ஒருமுறை தனக்குள் சிரித்துக்கொண்டார். பல்கீஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசையைச் சுற்றி வந்து அவர் தோளருகே எட்டிப் பார்த்தாள். அவர் புத்தகத்தை லேசாக அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். வெள்ளைத் தாளைப் பார்த்தபடி இருவரும் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் தாளின் மூலையைத் தூக்கியவர், திருப்பாமல் காத்திருந்தார்.

"முடிச்சிட்டீங்களா மேடம், திருப்பலாமா?"

"இருங்க," என்றாள் பல்கீஸ், "இன்னும் ரெண்டு வரி இருக்கு."