வாரம் நானூறு லீற்றர்

கொரோனாக் கோடையில் பறப்பில்லாமல் ஹங்கார் கொட்டகையில் நின்றுவிட்ட சின்ன ஜெட் விமானத்தின் எரிபொருளைத் திங்கட்கிழமை காலைகளில் அளந்து எழுதுவது மிதுஷாவின் வேலை. எரிபொருளோ வாரத்துக்கு நானூறு லீற்றர் குறைந்துகொண்டே வந்தது.

"வெக்கைக்கு ஆவியாப் போகுது, பிள்ளை," என்றார் கூட வேலை செய்யும் மரியதாஸ்.

மிதுஷா நம்பவில்லை. விமான எரிபொருள் மண்ணெண்ணெய் இனம். பெற்றோல் மாதிரிப் பறந்துவிடாது. டாங்கியின் காற்றுக்குழாய் வழியாக மாதத்துக்கு ஒரு வாளி போனாலே அதிகம். மரியதாசிடமோ மண்ணெண்ணெயிலும் ஓடக்கூடிய டீசல் வான் வண்டியும் இருந்தது, ஹங்கார் சாவியும் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் டாங்கி மூடியிலும் அடியில் எரிபொருள் வடிக்கும் குழாயிலும் தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள். அவருடைய சாவியையும் கேட்டாள்.

"என்னிலை சந்தேகமோ?"

"ஓம் அண்ணை," என்றாள்.

அவர் சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை அவளே கதவைத் திறந்தாள். மரியதாஸ் பின்னால் வந்தார். தாள்கள் கிழியவில்லை. விமானச் சில்லுக்கும் அது உருளாமல் முட்டுக் கொடுத்த கட்டைக்கும் நடுவே சிலந்தி கட்டிய வலைகூட அறுபடவில்லை. அளந்து பார்த்தாள். நானூறு குறைந்திருந்தது.

"பிள்ளை, இஞ்சை வா."

மரியதாஸ் இறக்கைக்கு அடியில் அண்ணாந்து நின்றார். வெளியே காலையிலேயே இருபத்தெட்டுப் பாகை வெயில். டாங்கி இருக்கும் இடத்தில் தகடு முழுக்க வெள்ளை வெளேரென்று உறைபனி. மணிக்கணக்காக மேகத்துக்கு மேலே பறந்து, எரிபொருள் குளிர்ந்துபோய்த் தரையிறங்கிய விமானங்களில் அவள் பார்த்த அதே உறைபனி.

மிதுஷா விரலை வைத்துப் பார்த்தாள். அது அப்போதுதான் உருகத் தொடங்கியிருந்தது.