மூணாவது டப்பா

"குளிர் ஆரம்பிச்சு இது மூணாவது களிம்பு டப்பா. உங்க குதிகால் மட்டும் வெடிச்சு உப்புத்தாள் மாதிரியே இருக்கு. அப்போ எவ காலுக்குப் போகுது?"

"நான்தான் தடவுறேன்," என்றான் கணவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

நகவெட்டியையும் காணோம். ஞாயிறு தவறாமல் 'நண்பன் வீடு' வேறு. இன்று அவன் பின்னாலேயே போனாள். அவன் நுழைந்த வீட்டைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுவிட்டாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

தரையில் உட்கார்ந்து, மடியில் நீட்டிய காலில் நகம் வெட்டிக்கொண்டிருந்தான் கணவன். பக்கத்தில் களிம்பு டப்பா.

"மெதுவா மாப்பிள்ளை, நகம் சதையில இறங்கியிருக்கு. என்னால குனிய முடியல. என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மானம் போயிடும்."

சொன்னவர், ஆறு வருஷத்துக்கு முன் அவர்கள் கல்யாணத்தன்று, "உன் கால் என் வாசல்ல படக்கூடாது" என்று அவனை விரட்டிய அவள் அப்பா.