அத்திபெலேயில் ஒரு புள்ளி

கர்நாடக எல்லையில், ஓசூருக்கு இந்தப் பக்கம் உள்ள அத்திபெலேயில் எத்திராஜின் ஹார்டுவேர் கடைக்குள் காலை வெயில் நுழைந்து, அடுக்கி வைத்த பெயின்ட் டப்பாக்களின் மூடிகளில் மின்னுகிறது. பெயின்ட் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி தமயந்தி, ஒரு வெள்ளை டப்பாவைத் திறந்து, நீலச் சாயம் விட்டுக் குச்சியால் கலக்கிக் காட்டுகிறாள். ஆள் இருக்கும் இடத்தை ஆபீஸுக்குக் காட்டும், கம்பெனி கொடுத்த போன் அவள் காதுக்கும் தோளுக்கும் நடுவே இருக்கிறது. “ஸ்க்ரீன்ல உங்க புள்ளி ஓசூர்ல நிக்குதும்மா. வேலை நேரத்துல பார்டர் தாண்டி என்ன வேலை?” என்கிறார் மேனேஜர் பத்ரிநாத். அவள் பொறுமையாக விளக்குகிறாள். எந்த டவரின் சிக்னல் பலமோ, அதைத்தான் போன் பிடிக்கும். எல்லையோரமான இந்தக் கடைக்குள் பலமாக வருவது ஓசூர் டவர். ஆபீஸ் திரையில் விழும் புள்ளி, அந்த டவர் நிற்கும் இடம். “அதெல்லாம் இருக்கட்டும். ஸ்வல்ப, கொஞ்சம் பெங்களூர் பக்கமா நடங்க. புள்ளி திரும்பலேன்னா இன்னிக்கு அரை நாள் லீவுதான்.”

குச்சி நிற்கிறது. வெளியே செக்போஸ்ட்டில் லாரிகள் உறுமுகின்றன. “நடக்க மாட்டேன் சார். லீவு போட்டுக்கங்க. யார் எடுத்த லீவுன்னு கேட்டா, டவர்னு எழுதிடுங்க.” போனைக் கட் செய்து மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடி கலக்குகிறாள். நீலம் வெள்ளைக்குள் நூல்நூலாக இறங்குகிறது. போன் மறுபடி அடிக்கிறது. அதிர்ந்து அதிர்ந்து மேஜை ஓரத்துக்கு நகர்கிறது. “எடுக்கலியாம்மா?” என்கிறார் எத்திராஜ். தமயந்தி தலை நிமிரவில்லை. “அது ஓசூர்ல அடிக்குதுண்ணா. நான் இங்க இருக்கேன்.”