முந்நூறு புதிய முகங்கள்

மார்ச் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு, கடைத்தெரு ஸ்டூடியோவின் இணையப் பக்கத்தில் ஒரே நேரத்தில் முந்நூறு பேர் சேர்ந்தார்கள்.

"பாத்தியாக்கா? நாலு வருஷமா நீ தலைகீழா நின்னும் நாப்பது பேரைத் தாண்டல. நான் ஒரே நாள்ல விலைக்கு வாங்கிட்டேன்!" தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அக்கா ஒவ்வொரு முகமாகத் தள்ளிப் பார்த்தாள். "டேய், இவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்."

"பழைய கஸ்டமருங்களா? நல்லதுதானே!"

"நம்ம கடையில யாரோட படத்தைப் பெரிசாக்கி ஃப்ரேம் போடறோம்னு மறந்துட்டியா? இதுல ஒருத்தர்கூட உயிரோட இல்லடா."

ஆட்களை விற்றவன், மாதிரிக்காக அக்கா இணையப் பக்கத்தில் போட்டிருந்த படங்களையே திருடிப் போலிக் கணக்குகளுக்கு முகமாக வைத்திருந்தான்.

அப்போது ஒரு செய்தி வந்தது: 'என் வீட்டுக்காரர் இன்னைக்கு உங்க பக்கத்துல சேர்ந்திருக்கார். பேர் மட்டும் வேற. இப்ப எங்க இருக்கார்மா?'

அக்கா செய்தியைத் தம்பியிடம் காட்டினாள். "முதல்ல எல்லாத்தையும் தூக்குடா" என்றாள். மாலைக்குள் தம்பி முந்நூறு கணக்குகளையும் நீக்கினான்.

ஆறு மணிக்கு அதே பெண் எழுதியிருந்தாள்: 'மறுபடியும் போயிட்டார்மா.'