கோழிக்கடைக்கு இடம் வேணும்

“நாளைக்கே காலி பண்ணிருங்க. இல்லைன்னா புத்தகத்தையெல்லாம் அள்ளி ரோட்டுல போட்ருவேன். சொல்லிப்புட்டேன்!”

செல்வராணி போட்ட சத்தத்தில், நூலகத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் பாதி வரியிலேயே எழுந்துவிட்டார்கள்.

ஆவுடையார்கோவில் பக்கத்து ஊர் அது. நூலகம் பல வருஷமாகச் செல்வராணி வீட்டு முன்பக்கத்து ஓட்டு அறையில்தான் நடக்கிறது.

“திடீர்னு இப்படிச் சொன்னா எப்படிக்கா?” என்றாள் நூலகர் திலகவதி.

“கோழிக்கறிக் கடை வைக்கப்போறேன். எடம் வேணும்.”

“என்னது, கோழிக்கடையா!”

டீக்கடையில் போட்ட டீ ஆறுவதற்குள் சேதி ஊர் முழுக்கப் போய்விட்டது. வாசகர் வட்டம் அவசரமாகக் கூடியது.

வட்டத்தின் தலைவர் ஆத்மநாதன், ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். செயலாளர் சோலையப்பன், உரக்கடைக்காரர். நூலகம் என்றால் ரெண்டு பேருமே உயிரைக் கொடுப்பார்கள். ஆனால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள்.

எல்லாம் ஒரு அழைப்பிதழால் வந்த வினை.

சிங்கப்பூர், துபாய் என்று சிதறிக் கிடக்கிற ஊர்க்காரர்களையெல்லாம் போனில் விரட்டி, நூலகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டி முடித்தது இதே ரெண்டு பேர்தான். சித்திரையிலேயே வேலை முடிந்து, பெயிண்ட் அடித்து, ஃபேன் மாட்டி, ஜம்மென்று நிற்கிறது. திறப்பு விழா அழைப்பிதழில் ‘தலைமை’ என்று யார் பெயரைப் போடுவது? அங்கேதான் இடித்தது. ‘இடம் வாங்கித் தந்தவன் நான்’ என்றார் தலைவர். ‘பணம் திரட்டினவன் நான்’ என்றார் செயலாளர். கட்டடத்துக்கு ரெண்டு பூட்டு விழுந்தது. ஆளுக்கொரு சாவி. ஐப்பசி மழையே வந்துவிட்டது, விழாவைத்தான் காணோம்.

“புத்தகம் இருந்த எடத்துல கோழியை அறுப்பாளாமா? நாமெல்லாம் உயிரோட இருக்கோமா இல்லையா?” என்று ஆத்மநாதன் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

“அதைத்தான் நானும் கேக்குறேன்!” என்று சோலையப்பன் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

திலகவதி மெதுவாக வாயைத் திறந்தாள். “சார், அங்க ஓடு ஒழுகுது. நேத்து மழையில சின்னப் பிள்ளைங்க புத்தகம் ஒரு ரேக்கே நனைஞ்சு போச்சு. இன்னும் ரெண்டு மழை பேஞ்சா ஒண்ணும் மிஞ்சாது. புதுக் கட்டடம் சும்மாத்தானே கெடக்கு? பேசாம அங்கிட்டு மாத்திருவோமே...”

“திறப்பு விழா நடத்தாமலா!”

ரெண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை.

மறுநாள் காலை செல்வராணி வீட்டு வாசலில் ஒரே கோஷம். “விரட்டாதே, விரட்டாதே! நூலகத்தை விரட்டாதே!”

செல்வராணி அசரவில்லை. “நல்லாக் கத்துங்க” என்று சொல்லிவிட்டு, ஒரு பெரிய கோழிக்கூடையைத் தூக்கிவந்து நூலகத்துக்குள் கவிழ்த்துவிட்டாள்.

ஐயையோ! ஒரு கோழி பொது அறிவு ரேக்கில் ஏறியது. ஒன்று திலகவதியின் நாற்காலியில் உட்கார்ந்தது. இன்னொன்று அன்றைய பேப்பர் மேல் ஏறி, தலையங்கத்தைப் பற்றித் தன் கருத்தை அங்கேயே போட்டுவிட்டு இறங்கியது.

“அடிப்பாவி!” என்றார் சோலையப்பன்.

“இவளெல்லாம் ஒரு மனுஷியா!” என்றார் ஆத்மநாதன்.

வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. அதற்கு மேல் யாரும் யாரையும் கேட்கவில்லை. கூட்டம் உள்ளே புகுந்து புத்தகங்களை அள்ளியது. தலைவரும் செயலாளரும் ஓடிப்போய் ஆளுக்கொரு பூட்டைத் திறந்தார்கள். பிறகு ரேக்கின் ஒரு முனையை ஆத்மநாதன் தூக்கினார். அடுத்த முனையில் யார் என்று பார்க்கக்கூட நேரமில்லை, சோலையப்பன்தான்.

“பாத்து வாங்க, படி இருக்கு.”

“நீங்க மொதல்ல ஒங்க இடுப்பைப் பாத்துக்கங்க.”

எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட பேச்சு அது.

ரிப்பன் இல்லை, குத்துவிளக்கு இல்லை, பொன்னாடை இல்லை. மழை பிடிப்பதற்குள் கடைசிப் புத்தகமும் புதுக் கட்டடத்துக்குள் போய்விட்டது. நனைந்த புத்தகங்களை ஃபேனுக்குக் கீழே விரித்துப் போட்டாள் திலகவதி. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் மழை விட்டதும், பழைய அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று தலைவரும் செயலாளரும் ஒன்றாகவே கிளம்பினார்கள்.

வாசலில் செல்வராணி கோழிக்கூடையைப் பக்கத்து வீட்டு அழகம்மாளிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

“இந்தா அழகம்மா, ஒன் கோழியெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்க. நல்ல நேரத்துல குடுத்து ஒதவுன, ஆத்தா.”

ஆத்மநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏம்மா, அப்ப கோழிக்கடை?”

“கோழியைப் பிடிக்கவே எனக்குக் கை நடுங்கும். இதுல எங்கிட்டு அறுக்குறது?”

“பின்ன எதுக்கும்மா இப்படி ஊர் வாயில விழுந்த? என்ன பேச்செல்லாம் பேசிட்டோம்!” என்றார் சோலையப்பன்.

செல்வராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“பிள்ளைங்க புத்தகம் நனையுறதைப் பாத்துக்கிட்டு எத்தனை மழைக்குச் சும்மா இருக்குறது? ஒங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் திட்டவே நேரம் சரியாப் போச்சு. ரெண்டு பேரும் சேந்து திட்டுறதுக்கு ஒரு ஆளு வேணும்ல அண்ணே... அதான் நானே இருந்துட்டேன்.”