வாலுக்குத் தொண்ணூற்றெட்டு

குளத்துத் தொடக்கப் பள்ளியை முடித்த தவளைக் குண்டுமணி, மதிப்பெண் சீட்டை வாயில் கவ்விக்கொண்டு ஏரிக்கரை உயர்நிலைப் பள்ளிக்குச் சேரப் போனது. தாவல் அணியில் இடம் பிடித்துவிட வேண்டும் என்று அதற்குப் பின்னங்கால் இரண்டும் குறுகுறுத்தன.

தலைமையாசிரியர் ஆமை, சீட்டை மூக்கோடு ஒட்டி வைத்துப் படித்தார்.

"வாலாட்டத்தில் தொண்ணூற்றெட்டு. பேஷ்! தாவலில் முட்டை. உனக்கு வாலாட்ட வகுப்புதான்."

"ஐயா, அப்போ நான் தலைப்பிரட்டை. காலே முளைக்கலை. இப்போ எனக்கு வாலே இல்லை, பாருங்க!" என்று குண்டுமணி திரும்பி நின்று காட்டியது.

ஆமை நிமிரவே இல்லை. "அதான் இங்கே போட்டிருக்கே. தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கின வால் எங்கே போயிடும்? எல்லாம் சோம்பேறித்தனம்!"

குண்டுமணிக்குக் கோபம் தலைக்கேறியது. மேசைமேல் ஒரு தாவு, ஆமை முதுகில் ஒரு தாவு, அலமாரி உச்சிக்கு ஒரு தாவு. அங்கிருந்து ஜன்னல் வழியாக ஒரே பாய்ச்சலில் ஏரிக்குள் போய் விழுந்தது.

ஆமை மெல்லத் தலையைத் தூக்கினார். எதிரே யாரும் இல்லை. பேனாவை எடுத்துச் சீட்டின் ஓரத்தில் நிதானமாக எழுதினார்: "மாணவனைக் காணவில்லை. தாவத் தெரியாதவன், பக்கத்தில்தான் இருப்பான். வாலை வைத்து அடையாளம் காணவும்."