சிங்காரவேலுவின் காது

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையில் பாதியை மழித்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் பழைய கார் வாங்குகிறவர்கள் சிங்காரவேலுவின் காதைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். அவர் சாவியே போடவிட மாட்டார். மூடிய பானெட்டின் மேல் காதை வைத்தால் போதும். நாற்பது வருஷத்தில் ஒரு வண்டிகூட அவரை ஏமாற்றியதில்லை. அன்று நர்ஸ் பிலோமினா தன் முதல் காரைப் பார்க்க அவரைக் கூட்டி வந்திருந்தாள்.

“டாக்டர் ஓட்டின வண்டிண்ணே,” என்றார் புரோக்கர் ஏகநாதன்.

சிங்காரவேலு குனிந்து காதை வைத்துக் கண்ணை மூடினார். “டாக்டராவது! கல்யாணத் தரகர் ஓட்டினது. வீட்டுக்கு வீடு நின்னு நின்னு போன என்ஜின். ஒரு தடவை கொடைக்கானல் ஏறியிருக்கு, அந்தக் குளிர் இன்னும் உள்ளே இருக்கு.”

ஏகநாதன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. குட்டு உடைந்தால் மனுஷன் அழத்தானே செய்வான் என்று சிங்காரவேலு நெஞ்சை நிமிர்த்தினார்.

“வாங்கலாமாய்யா?” என்றாள் பிலோமினா.

“கண்ணை மூடிட்டு வாங்கும்மா. இவ்வளவு அமைதியான என்ஜினை நான் கேட்டதே இல்லை.”

அவள் சாவியை வாங்கிச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

அந்த வண்டியின் என்ஜினை முந்தின வாரமே கழற்றி வேறொரு காரில் மாட்டியிருந்தார்கள்.